நடுங்காத கை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் வரிசையாக நிற்கும் மருந்துக்கடைகளில் ஒன்றில் 23 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பதினேழு வயதிருக்கும் பெண்பிள்ளை ஒருத்தி இருமிக்கொண்டே வந்து மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டினாள். சீட்டில் இருந்த இருமல் மருந்தை எடுத்து வைத்தேன். அவள் பணத்தை எடுக்கவில்லை. பாட்டிலைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லேபிளில் எறும்பு ஊர்ந்தது போலிருக்கும் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"அண்ணாச்சி, இதுல டெர்பியூட்டலின் கெடக்கு. இத நான் குடிக்கக் கூடாது."

"டாக்டர் எழுதினதுதானம்மா?"

"நான் வெயிட்லிஃப்டிங் செய்யிறத டாக்டர்ட்ட சொல்ல மறந்துட்டேன் அண்ணாச்சி. அடுத்த மாசம் நேஷனல் இருக்கு. மூத்திரத்த எடுத்துப் பாப்பாவ. மாட்டுனா ரெண்டு வருசம் போச்சி."

நான் அந்த மருந்தைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் டெர்பியூட்டலின், நம் ஊர்க் கடைகளில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் இருக்கிறது. போட்டி நடக்கும் நாளில் மட்டுமன்றி எல்லா நாளிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள் அது. அதைக் கையில் எடுத்துக் கொடுக்கும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கம் என்னை அன்றிரவு தூங்க விடவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது 'வாடா', ஆண்டுதோறும் வெளியிடும் தடைப்பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். பட்டியலின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது, பீட்டா பிளாக்கர் மருந்துகள் எல்லா விளையாட்டிலும் அல்லாமல் சில விளையாட்டுகளில் மட்டும் தடை செய்யப்படுகின்றன என்று இருந்தது. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், பில்லியர்ட்ஸ், அம்பெறியும் டார்ட்ஸ் ஆகியவற்றோடு கோல்ஃபும் அந்த வரிசையில் நின்றது.

கோல்ஃப் மைதானம் ஒன்றை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டதற்குக் காரணம், என் கடைக்கு மாதந்தோறும் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவருக்குக் கைநடுக்கம். நடுக்குவாத நோயால் வரும் நடுக்கம் அன்று, பரம்பரையாக வருவது, எதையாவது எடுக்கவோ எழுதவோ கை நீளும்போது மட்டும் வருவது. முதன்முதலில் அவர் வந்தபோது, மாதக் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா முனை தாளைத் தொட்டதும் விலகியது, மறுபடி தொட்டது, கடைசியில் கோடு தாமிரபரணித் தண்ணீரில் காற்றடித்தது போல அலையலையாக ஓடியது. நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை அது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. மருத்துவர் அவருக்கு எழுதியிருந்தது புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர். அட்டைக்குப் பத்து என்ற கணக்கில் வரும் சிறிய மாத்திரை. இரண்டு மாதம் கழித்து அதே நோட்டில் அவர் போட்ட கையெழுத்து நேராக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மருந்து விற்கும் தொழிலில் இருப்பதற்காக நான் உள்ளூர மகிழ்ந்த நாள்களில் அதுவும் ஒன்று.

நாம் பதறும்போது சுரக்கும் அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் போய் அமரும் இடங்களை அந்த மாத்திரை அடைத்துக்கொள்கிறது. உள்ளே பயம் இருந்தாலும் நெஞ்சு படபடப்பதில்லை, விரல் நடுங்குவதில்லை. கோல்ஃபில் பந்தைத் தொலைவுக்கு அடிப்பது ஒரு பாதி என்றால், குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுவது மறுபாதி. அதைப் 'பட்டிங்' என்கிறார்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான்கு நாள் விளையாடி முடித்த பிறகு, கடைசிக் குழியில் நான்கடித் தொலைவில் நிற்கும் பந்துதான் வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற நிலையில், ஆட்டக்காரரின் மணிக்கட்டில் ஒரு சிறு துடிப்பு வந்தாலும் பந்து விளிம்பைத் தொட்டு வெளியே போய்விடும். அந்தத் துடிப்புக்கு 'யிப்ஸ்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அதனால் ஆட்டத்தையே விட்டவர்கள் உண்டு. என் கடையில் ஆசிரியரின் கையெழுத்தை நேராக்கிய மாத்திரை அந்த நான்கடிப் பந்தையும் நேராக்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு வென்ற வெள்ளியும் வெண்கலமும் பறிக்கப்பட்டது இதே புரோப்ரனலாலுக்காகத்தான்.

இப்படிப்பட்ட விளையாட்டு, பெரும்பாலும் சோதனையே இல்லாமல் 2008 வரை தொழில்முறையில் நடந்தது என்று அறிந்தபோது வியந்தேன். ஒலிம்பிக்கில் 1968-இலேயே சோதனை வந்துவிட்டது. கோல்ஃப் ஏன் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது என்பதற்கு அந்த விளையாட்டைச் சேர்ந்தவர்கள் சொல்லிவந்த பதில், எங்கள் ஆட்டம் மானத்தின் மேல் நிற்பது என்பதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோல்ஃபில் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், தவறு செய்தவர் தானே முன்வந்து தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில், பாபி ஜோன்ஸ் புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது இம்மியளவு அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் தானே சொல்லித் தண்டனை அடியை ஏற்றுக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். அதைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். இந்த மரபை நான் மதிக்கிறேன். ஆனால் பந்து அசைந்ததை ஆட்டக்காரரின் கண் பார்க்கும். அவர் குடித்த மருந்தில் என்ன இருந்தது என்பதை அவர் கண் பார்க்காது. மானத்தால் காக்க முடிகிற இடமும் ஆய்வகத்தால் மட்டுமே காக்க முடிகிற இடமும் வேறு வேறு என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளத் தாமதித்தார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஒப்புக்கொண்டவர்கள் பெண்கள். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான எல்.பி.ஜி.ஏ., 2008 பருவத்திலிருந்து சோதனை நடத்தப்போவதாக 2006 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. அமெரிக்க ஆண்களின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆணையராக இருந்த டிம் ஃபின்செம், தவறு நடக்கிறது என்பதற்குச் சான்று இல்லாமல் சோதனை எதற்கு என்ற நிலையில் அப்போது இருந்தார். டைகர் வுட்ஸ் அதற்கு முன்பே சோதனையை ஆதரித்துப் பேசியிருந்தார். 2007 ஜூலையில், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓப்பன் தொடங்கவிருந்த வாரத்தில், ஒன்பது பெரும் பட்டங்களை வென்ற தென்னாப்பிரிக்கர் கேரி பிளேயர், ஊக்கமருந்து எடுக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். ஆனாலும் இரண்டே மாதத்தில், 2007 செப்டம்பரில், உலக கோல்ஃபின் பெரிய அமைப்புகள் ஒன்றுசேர்ந்து பொதுக் கொள்கை ஒன்றை அறிவித்தன. 2008 ஜூலை முதல் வாரத்தில், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள காங்கிரஷனல் மைதானத்தில் பி.ஜி.ஏ. டூரின் முதல் சோதனை நடந்தது. அந்தப் போட்டியை அப்போது முன்னின்று நடத்தியவர் வுட்ஸ். முழங்கால் அறுவைச் சிகிச்சை காரணமாக அவரே அந்த ஆண்டு அதில் ஆடவில்லை.

முதல் மீறலுக்கு ஓராண்டு வரை தடை, இரண்டாவதற்கு ஐந்தாண்டு வரை, அதற்கு மேல் போனால் ஆயுள் தடை, கூடவே 5 லட்சம் டாலர் வரை அபராதம் என்று விதி வகுத்தார்கள். சிறுநீர் மட்டுமே எடுத்தார்கள்; இரத்தம் எடுக்கவில்லை. வாடாவின் பட்டியலை அப்படியே ஏற்காமல், ஆஸ்துமா மருந்துகளையும் வீக்கத்தைக் குறைக்கும் கார்ட்டிசோன் வகை மருந்துகளையும் விட்டுவிட்டுத் தங்களுக்கென்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டார்கள். கஞ்சா போன்ற போதைப் பொருள்களுக்காக ஒருவரை விலக்கி வைத்தால் அதை வெளியே அறிவிக்கவும் மாட்டார்கள். சோதனை வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அதன் முடிவுகளில் ஒரு பகுதியை மடியில் கட்டிக்கொண்ட இந்த ஏற்பாடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

அந்த வலையில் முதலில் விழுந்தவர் பெரும் பணமும் புகழும் உள்ள நட்சத்திரம் அல்லர். டக் பேரன் என்ற டென்னசிக்காரர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், பி.ஜி.ஏ. டூரில் ஒரு பட்டமும் வெல்லாதவர். 2009 ஜூனில் சொந்த ஊரான மெம்பிஸில் நடந்த போட்டியில் அவரிடம் எடுத்த மாதிரியில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் புரோப்ரனலாலும் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ஓராண்டுத் தடை அறிவிக்கப்பட்டது.

அவருடைய கதையை நான் ஒரு மருந்தாளுநரின் கண்ணோடுதான் படித்தேன். பதினெட்டு வயதில் அவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சரிவர மூடாத குறை இருப்பது தெரிந்து, அதற்காகப் புரோப்ரனலால் கொடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டு வந்தவர். டெஸ்டோஸ்டிரோன், உடலில் அது மிகக் குறைவாக இருப்பதாகக் கண்டு மருத்துவர் கொடுத்தது. நோய்க்காகத் தடைப்பட்ட மருந்தை எடுக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்துச் சிகிச்சை விலக்கு பெறலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. பேரன் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். பீட்டா பிளாக்கரை இத்தனை ஆண்டு எடுத்தவர் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அளவைப் படிப்படியாகக் குறைக்காமல் விட்டால், அடைபட்டிருந்த இடங்களெல்லாம் திறந்துகொண்டு, இதயம் முன்னைவிட வேகமாக அடிக்கத் தொடங்கும். "ஊருக்குப் போகணும், நாலு நாள் மாத்திரை இல்லாட்டா என்ன அண்ணாச்சி" என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லியே அனுப்புகிறேன். பேரன் தன் கையை நேராக்க அந்த மாத்திரையைத் தேடிப் போனவர் அல்லர். ஆனால் அந்த மாத்திரை அவர் கையை நேராக்கவில்லை என்று யாராலும் சொல்லவும் முடியாது.

இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் ஆசிரியரின் நோட்டை நினைத்தால், நோய் உள்ளவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை என்று தோன்றும். நான்கடிப் பந்தின் முன், மாத்திரை எதுவும் இல்லாமல் நெஞ்சு படபடக்க நிற்கும் எதிராளியை நினைத்தால், அவருக்கும் நியாயம் வேண்டும் என்று தோன்றும். என் முடிவு இது. தடை சரியே, ஆனால் தடையைக் கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்பிருந்தே மருந்து எடுத்துவந்தவர்களின் கையைப் பிடித்து மாற்று மருந்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். மைட்ரல் வால்வுக் குறையால் வரும் படபடப்புக்கு வேறு வழி உண்டா, குறைத்துக்கொண்டே வர எத்தனை வாரம் வேண்டும், அதுவரை அவர் ஆடாமலிருந்தால் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விகள் விதிப்புத்தகத்துக்கு வெளியே நின்றன. அப்போது பெரும்பாலான தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் தேறினால்தான் காசு. தேறாதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருந்தது. பேரன் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

அடுத்துப் பேசப்பட்ட பெயர் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். ஃபிஜித் தீவில் இந்திய வம்சாவளியில் பிறந்து, 2004-இல் உலகின் முதல் இடத்துக்கு வந்த விஜய் சிங். மான் கொம்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லி விற்கப்பட்ட, வாயில் தெளித்துக்கொள்ளும் ஒரு திரவத்தைப் பயன்படுத்தியதாக 2013 ஜனவரியில் ஓர் இதழிடம் அவரே சொன்னார். அதில் தடை செய்யப்பட்ட வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்.-1 இருப்பதாகக் கூறி 90 நாள் தடை விதித்தார்கள். பிறகு, சோதனையில் ஒருவர் மாட்டினால் அன்றி இந்தத் திரவத்தைப் பயன்படுத்துவதை மட்டும் மீறலாகக் கொள்வதில்லை என்று வாடா சொல்ல, ஏப்ரல் இறுதியில் தடையைக் கைவிட்டார்கள். அடுத்த வாரமே அவர் வழக்குத் தொடுத்தார். அது 2018 இறுதி வரை இழுத்தது. தடை விதிப்பதற்கு முன் வாடாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம். சொந்தப் பட்டியலும் சொந்த அளவுகோலும் வைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இதில் தெளிவாகத் தெரிந்தது.

ஒலிம்பிக்தான் கோல்ஃபைப் பொதுவழிக்கு இழுத்து வந்தது. 1904-க்குப் பிறகு அந்த விளையாட்டு மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெறும் என்று 2009 அக்டோபரில் முடிவானது. 2016-இல் ரியோவில் ஆடப்போகிறவர்கள் வாடாவின் முழு விதிக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வட அயர்லாந்து ஆட்டக்காரர் ரோரி மக்கில்ராய், கோல்ஃபில் சோதனைகள் மிகக் குறைவு, இரத்தம் எடுக்காததால் மனித வளர்ச்சி ஹார்மோனை எடுத்துக்கொண்டாலும் பிடிபடாமல் தப்பிவிடலாம் என்று பொதுவெளியில் சொன்னார். தன் விளையாட்டின் ஓட்டையை அதன் உச்சியில் நிற்பவரே விரல் நீட்டிக் காட்டினார். பாபி ஜோன்ஸ் தன் பந்து அசைந்ததைச் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. 2017 அக்டோபரில் தொடங்கிய பருவத்திலிருந்து பி.ஜி.ஏ. டூர் இரத்தச் சோதனையைச் சேர்த்தது. விட்டுவைத்திருந்த ஆஸ்துமா, ஒவ்வாமை, வீக்க மருந்து வகைகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. போதைப் பொருளுக்கான தடைகளையும் இனி வெளியிடுவதாக அறிவித்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்ய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் இந்தச் சோதனை புதிதன்று. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா' 2005-இல் அமைந்தது. 2022-இல் அதற்கென்று தனிச் சட்டமே நிறைவேறியது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடை நாளில் கபடி ஆடி வளர்ந்து மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் போகும் பிள்ளைகளுக்கு, அந்தப் பட்டியலை யார் தமிழில் எடுத்துச் சொல்கிறார்கள்? பேரனுக்கு வழக்கறிஞர் இருந்தார், விஜய் சிங்குக்குப் பணம் இருந்தது. மானூர்ப் பக்கத்திலிருந்தும் முக்கூடல் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு, மருந்தை எடுத்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்தான் கடைசிக் காவல். உடலுக்குள் போனது எப்படிப் போனது என்பதைச் சோதனை முதலில் கேட்பதில்லை. இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. தெரியாமல் குடித்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம். அந்தப் போட்டியில் பெற்ற பதக்கத்தைக் காப்பாற்றாது. இந்தக் கடுமை வேண்டியதுதான் என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் தெரியாது என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் எல்லாரும் அதையே சொல்வார்கள். அப்படியானால் தெரியப்படுத்தும் கடமை மருந்தை எழுதுகிறவருக்கும் விற்கிறவருக்கும் அதே அளவு கடுமையாக இருக்க வேண்டும்.

இப்போது என் கடையில் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எங்கள் கடையில் இருக்கும் இருமல், சளி, ஆஸ்துமா, வலி, இரத்த அழுத்த மருந்துகளில் எவை எவை விளையாட்டுக்காரருக்கு ஆகாது என்று என் கையால் தமிழில் எழுதியது. ஜனவரி பிறந்ததும் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துகிறேன். இளம் பிள்ளைகள் சீட்டோடு வந்தால், "வெளையாட்டுல இருக்கியாம்மா, இருக்கியா தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தை எடுக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

டக் பேரன் ஐம்பது வயதைத் தொட்டதும், 2019 ஆகஸ்டில், மூத்தோருக்கான பி.ஜி.ஏ. டூர் சாம்பியன்ஸ் தொடரில் திங்கள்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, ஃப்ரெட் கப்புள்ஸைவிட இரண்டு அடிகள் குறைவாக அடித்துப் பட்டம் வென்றார். அந்தச் செய்தியைக் கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் படித்தபோது, பக்கத்தில் பகிர்ந்துகொள்ள கோல்ஃப் தெரிந்தவர் யாருமில்லை. மாத்திரை வாங்க வந்த ஆசிரியரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் வலக்கையை மேசைமேல் விரித்து வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இருமலோடு வந்த பெண்பிள்ளையின் சீட்டு எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அவர் தயங்காமல் மருந்தை மாற்றினார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தொண்டைக்கு உப்புநீர், ஆவி. ஆறு வாரம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். பதக்கம் இல்லை, ஐந்தாவது இடம். ஆனால் போட்டி முடிந்ததும் சோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரு பெண் அலுவலர் பக்கத்திலேயே நின்று பார்க்கச் சிறுநீர் கொடுத்ததையும், அதை அவளே இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி மூடியைத் திருகியதையும், திருகிய மூடி பிறகு எதற்கும் திறக்காததையும் விவரித்துவிட்டு, பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தின் நகலை எடுத்து என் மேசையில் விரித்தாள். கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்துகளை எழுதும் இடம் அதில் இருந்தது. போட்டிக்குப் போன இடத்தில் மறுபடி காய்ச்சல் வந்திருக்கிறது போலும். பாராசிட்டமால், எந்தத் தேதி, எத்தனை மாத்திரை என்று தெளிவான எழுத்தில் எழுதியிருந்தாள்.

"நீங்க குடுத்த அட்டைல மிச்சம் இருந்துச்சில்லா அண்ணாச்சி, அதான்" என்றாள்.